மகன்ர கஞ்சாச் செடிக்கு நான் ஊத்தின மோர்

1

முதலே சொல்லிப்போடுறன், எனக்குப் பொறாமை. ஆரில எண்டு கேட்டால் சிரிப்பியள். மூண்டு செடியில. அதுவும் கஞ்சாச் செடியில.

ஐயோ எண்டு வாயைப் பொத்தாதேங்கோ. நீங்கள் ஊரில இருந்து வாசிக்கிறியள், உங்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் பொலிஸ் ஜீப்தான் ஞாபகம் வரும். இஞ்ச ஜேர்மனியில சட்டம் மாறிப்போச்சு. வயது வந்த ஒராள் தன்ர பாவிப்புக்கெண்டு தன்ர வீட்டுக்குள்ள மூண்டு செடி வளர்க்கலாம். சின்னப்பிள்ளையளின்ர கை படாமல் பூட்டி வைக்கவேணும். என்ர மகன் நிரோசன் முப்பது தாண்டின ஆம்பிளை. மின்சார வேலை படிச்சவன், தனிய வீடு எடுத்து இருக்கிறான். அவன்ர படுக்கையறை மூலையில ஒரு கறுப்புத் துணிக் கூடாரம், அலுமாரி அளவு இருக்கும். அதுக்குள்ள மூண்டு சாடி, ஒரு பெரிய லைற், ஒரு சின்னக் காத்தாடி.

போன மாதம் முழுக்க அவன் ஒவ்வொரு நாளும் பின்னேரம் எனக்கு வீடியோ கோல் எடுத்தவன். ஒவ்வொரு நாளும்! கெல்சென்கிர்ச்சனில இருக்கிற தமிழ்த் தாய்மாரில ஆருக்கு இந்தக் குடுப்பினை இருக்கு? கோயிலில வெள்ளிக்கிழமை கால் கழுவேக்க ஒரு அக்கா என்ர கையைப் பிடிச்சு, "நீங்கள் குடுத்துவைச்சனியள், என்ர மகள் பேர்த்டேக்குத்தான் எடுக்கிறாள்" எண்டா. நான் பெருமையாத் தலையை ஆட்டினன். என்னத்தைச் சொல்ல?

ஏனெண்டால் அவன் எடுத்தவுடன முதல் சொல்லுறது ஒண்டுதான். "அம்மா, கமராவைத் திருப்புங்கோ."

என்ர முகம் தேவையில்லை. இலை தேவை. நான் திருப்புவன். அவன் இலையைப் பாப்பான். கண்ணைச் சுருக்கி, போனுக்குள்ளால மூக்கு வெளியில வாற மாதிரிக் கிட்ட வந்து பாப்பான். என்னைப் பெத்த ஐயா, அந்தப் பார்வை! நான் காய்ச்சலில படுத்தாலும் அவன் என்னை அப்பிடிப் பாத்தது கிடையாது.

2

செடி இருக்கிற விசயம் எனக்கு முதல் மணத்தாலதான் தெரியும். போன வருசம் அவன்ர வீட்டை சோறு கொண்டு போகேக்க, என்னடா இது, செத்த எலி மாதிரியும் இருக்கு, பச்சை மாங்காய் மாதிரியும் இருக்கு எண்டு கேட்டன். அவன் ஒளிக்கேல்லை. கூடாரத்தின்ர சிப்பை இழுத்துக் காட்டினான்.

"மூண்டும் பொம்பிளையள் அம்மா. ஆம்பிளைச் செடி சரிவராது."

எனக்கு வந்த கோபம்! மருமகள் ஒண்டைக் கூட்டிக்கொண்டு வா எண்டு நான் வருசக்கணக்காக் கத்துறன், இவன் மூண்டைக் கூடாரத்துக்குள்ள வைச்சிருக்கிறான். வீட்டை வந்து இவரிட்டச் சொன்னன். இவர் எண்டால் என்ர மனுசன். ரிவியில நியூஸ் பாத்துக்கொண்டே, "இஞ்சேரும், அவன் குடிக்கிறானோ? இல்லை. வேலைக்குப் போறானோ? ஓம். பிறகென்ன?" எண்டார். அவருக்கு எல்லாம் பிறகென்னதான்.

எனக்குப் பயம் போகேல்லை. இந்த நாட்டில முப்பது வருசத்துக்கு மேல இருந்தும் ரிக்கற் செக்கரைக் கண்டால் ரிக்கற் எடுத்திருந்தும் நெஞ்சு இடிக்கிற ஆள் நான். அகதியா வந்த ஆக்களுக்கு அந்தப் பயம் சிற்றிசன் எடுத்தாலும் போகாது. பாஸ்போட் புதுப்பிக்க றாத்தவுசில, அதுதான் நகரசபையில, நேரம் எடுத்திருந்தனான். கைரேகை எல்லாம் குடுத்து முடிய, கவுண்டரில இருந்த பிள்ளையிட்டக் குரலைத் தாழ்த்திக் கேட்டன், மூண்டு செடி வைக்கலாம் எண்டுறது உண்மையோ எண்டு.

அந்தப் பிள்ளை என்ர பொட்டைப் பாத்தாள், கையில இருந்த காப்பைப் பாத்தாள். "நீங்கள் வளர்க்கிறியளோ?"

"ஐயோ, நான் இல்லை. மகன்."

"அப்ப மகனிட்டச் சொல்லுங்கோ, நாலு வைக்க வேண்டாமெண்டு." சொல்லிப்போட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டாள். இதுக்கோ நான் ஒரு வருசம் நித்திரை கெட்டனான் எண்டு என்னில எனக்கே விசர் வந்தது.

3

பொறாமை தொடங்கினது ஒரு திறப்பில, வீட்டுச் சாவியில.

நிரோசனை வேலைக் கொம்பனி வடக்குப் பக்கம் மொன்ராஜுக்கு அனுப்பிச்சுது. மொன்ராஜ் எண்டால் வெளியூரில தங்கி நிண்டு செய்யிற வேலை. கிழமைக்கணக்கா வரமாட்டான். போற அண்டு எடுத்துச் சொன்னவன், நானும் கவனமாப் போட்டு வா தம்பி எண்டனான். செடியைப் பற்றி அவனும் கதைக்கேல்லை, நானும் கேக்கேல்லை.

ரண்டு நாள் கழிச்சுத்தான், நான் சோறு குடுத்துவிட்ட பெட்டியள் எல்லாம் அவன்ர வீட்டிலயே கிடக்கே எண்டு எடுக்கப் போனன். அவன் இல்லாட்டில் எப்பிடி உள்ள போறது எண்டு யோசிக்காமல் ஸ்ராசன்பானில, அதுதான் ட்ராமில, ஏறிப் போன விசரி நான். மூண்டாம் மாடிக்கு மூச்சு வாங்க ஏறினால், அவன்ர கதவு திறந்து கிடக்குது. உள்ளுக்கிருந்து ஒரு மனுசி வாறா. கையில தண்ணி ஊத்திற கேத்தில். மற்றக் கையில என்ர மகன்ர வீட்டுத் திறப்பு.

முன்வீட்டு ரெனாட்டே. எழுவது வயதிருக்கும். புருசன் நிலக்கரிச் சுரங்கத்தில வேலை செய்து செத்துப்போனவர். பல்கோன் முழுக்கத் தக்காளி வைச்சிருக்கிற மனுசி. எனக்கு முதலே தெரியும், படியில கண்டால் ஹலோ சொல்லுவம்.

"நிரோ சொன்னவன், நாலைஞ்சு நாளுக்கு ஒருக்காப் பாக்கச் சொல்லி" எண்டா. ஜேர்மனிலதான் சொன்னவ, நான் எங்கட பாசையில எழுதுறன்.

நிரோ! நான் பதினெட்டு மணித்தியாலம் நொந்து பெத்து, சாத்திரியாரிட்ட எழுத்துப் பாத்து வைச்ச பேரை வெட்டி அரைவாசி ஆக்கி வைச்சிருக்கிறா. அதைக் கூடப் பொறுப்பன். ஆனால் திறப்பு! என்ர மகன்ர வீட்டுத் திறப்பு என்னட்டை இல்லை. இருந்ததே இல்லை. நான் பெல் அடிச்சு நிக்கிற வாசலுக்குள்ள இவ கேத்திலோட போய்வாறா.

படியில நிண்டே அவனுக்கு எடுத்தன்.

"ஏன்ரா, உனக்கு அம்மா செத்துப்போனாவோ?"

"அம்மா, என்ன?"

"பக்கத்து வீட்டுக் கிழவியிட்டத் திறப்புக் குடுக்கத் தெரியுது. பெத்தவளிட்டக் குடுக்க ஏலாதோ?"

"உங்களுக்கு அந்தச் செடி பிடிக்காதுதானே அம்மா. நீங்கள்தானே சொன்னனியள், அந்தப் பக்கமே பாக்கமாட்டன் எண்டு."

சொன்னனான்தான். அதுக்கு? தாய் சொல்லுறதெல்லாத்தையும் பிடிச்சுக்கொண்டு நிக்கிறதோ பிள்ளை? நான் பாக்கிறன் எண்டன். ரெனாட்டேயிட்ட ஒண்டு இருக்க, வேற ஒண்டை அவவின்ர அலுமாரிக்குள்ள இருந்து எடுத்துத் தரச் சொன்னான். ஸ்பெயார்த் திறப்பும் அவவிட்டத்தான் இருந்திருக்குது! நான் வாங்கிச் சங்கிலியில கோத்துக் கழுத்தில போட்டன். தாலியோட சேர்ந்து கிடந்துது.

4

நிரோசன் எழுதி அனுப்பினது லேசான வேலை. மேல் மண்ணுக்குள்ள விரலை விட்டுப் பாருங்கோ, காய்ஞ்சிருந்தால் மட்டும் ஊத்துங்கோ. ஈரமெண்டால் விட்டுவிடுங்கோ.

விட்டுவிடுறதுக்கு ஒரு ஆளை அனுப்பிறதோ? அதுக்குக் கிழவியே காணுமே. நான் போனால் ஒரு வித்தியாசம் தெரியவேணும். ரெனாட்டே பாத்ததை விட நான் பாத்தால் செழிப்பா நிக்குது எண்டு அவன் வந்து சொல்லவேணும். என்ர மனசுக்குள்ள இருந்தது அதுதான். நான் ஒளிக்கேல்லை.

முதல் நாளே கண்டன், ஒரு செடியில அடி இலை ஒண்டு மஞ்சள். ஒரே ஒரு இலை. அதுக்குள்ள பிடிச்சிட்டன். பட்டினி! பிள்ளையளுக்கு ஒண்டும் குடுக்காமல் வெறும் தண்ணியில விட்டிருக்கிறா கிழவி.

எங்கட வீட்டு ஹோலில யன்னலோரம் ஒரு கறிவேப்பிலை நிக்குது. பெயின்ற் வாளிக்குள்ள வைச்சது. இஞ்சத்தைக் குளிருக்குக் கறிவேப்பிலை வளர்க்கிறது எண்டால் சும்மா வேலையில்லை. எத்தினை பேர் கடையில வாங்கி வைச்சுச் சாகக் குடுத்தவை. என்ரது என்ர தோள் உயரம் நிக்குது. என்ன போடுறனியள் அக்கா எண்டு கேக்காத ஆள் இல்லை. வேறென்ன, புளிச்ச மோர்தான். ஊரில நாங்கள் செய்யிறதுதானே. தயிரைக் கரைச்சு, ஹீற்றருக்கு மேல ரண்டு நாள் வைச்சால் கண்ணைக் கரிக்கிற மாதிரிப் புளிக்கும். இடையில மீன் கழுவின தண்ணி. அதுக்கு மேல ஒரு பசளையும் தேவையில்லை.

அப்ப கஞ்சாவுக்கும் அதுதானே? செடியெண்டால் செடிதானே?

சோடாப் போத்திலுக்குள்ள மோரை நிரப்பி, மூடியை இறுக்கி, ஸ்ராசன்பானில மடியில வைச்சுக்கொண்டு போனன். மூண்டு சாடிக்கும் தாராளமா ஊத்தினன். அடுத்த நாள் பாரை மீன் கழுவின தண்ணி. அதுக்கடுத்த நாள் மோர். இப்பிடி ஒரு கிழமை. நான் முதியோர் இல்லத்துக் குசினியில அரைநேர வேலை, ரண்டு மணிக்கு முடியும். முடிஞ்சவுடன நேர அங்கதான். பாவங்களை வெருட்டிற அந்தக் காத்தாடியை நிப்பாட்டி, வெளிக்காத்துப் படட்டும் எண்டு சிப்பையும் திறந்து விட்டன்.

கிழமை முடிய மூண்டு பொம்பிளையளும் தலையைத் தொங்கப்போட்டாளுகள். இலை எல்லாம் கை கழுவிப்போட்டு உதறாமல் விட்ட மாதிரிக் கீழ் நோக்கித் தூங்குது. அடியில ஒண்டு இல்லை, வரிசையா மஞ்சள். மண்ணைச் சுத்திக் கொசுகு பறக்குது. அறை மணத்தை நான் எழுதேல்லை, நீங்கள் சாப்பிடுற நேரமா இருக்கும்.

5

படம் எடுத்து அனுப்பினன். அனுப்பாமல் விடலாம், ஆனால் நல்லா இருக்குது எண்டு பொய் சொல்ல எனக்கு வராது. அண்டையில இருந்துதான் அவன் ஒவ்வொரு நாளும் எடுக்கத் தொடங்கினவன்.

"கமராவைத் திருப்புங்கோ. கீழ் இலையோ, மேல் இலையோ?"

"கீழ்."

"நரம்பு பச்சையோ, அதுவும் மஞ்சளோ? கிட்டக் கொண்டுபோங்கோ. இலையைப் பிரட்டி அடிப்பக்கம் காட்டுங்கோ. புள்ளி இருக்கோ? நூல் மாதிரி ஏதும் இருக்கோ? நுனி கருகியிருக்கோ? லைற்றுக்கும் அவவுக்கும் எவ்வளவு தூரம்? அவவுக்குத் தண்ணி கடைசியா எப்ப?"

கேட்டியளோ? செடிக்கு 'அவ'. இஞ்ச பிறந்த பிள்ளை, தமிழில மரியாதை எங்க போடுறது, எங்க விடுறது எண்டு தெரியாது. எனக்குப் பகிடியாயும் கிடந்தது, பத்திக்கொண்டும் வந்தது. எனக்குப் பிறசர் எண்டு டொக்டர் சொன்ன நேரம் இவன் கேட்டது, "குளிசை எடுக்கிறியள்தானே?" எண்டு ஒரு கேள்வி. இதுகளுக்கு எத்தினை கேள்வி! நரம்பு என்ன நிறமாம், அடிப்பக்கம் என்ன நிறமாம்.

ஆனால் ஒண்டு. அவன்ர குரல் ஒவ்வொரு நாளும் கேட்டுது. இலைக்கு நடுவில, சாப்பிட்டியோ எண்டு நான் கேப்பன், ஓம் எண்டுவான். குளிரோ எண்டு கேப்பன், காத்து எண்டுவான். ஒரு நாள் தன்னோட வேலை செய்யிற பொடியன் ஏணியில நிண்டு சறுக்கினதைச் சொல்லிச் சிரிச்சான். அந்தச் சிரிப்பை நான் எத்தினை வருசத்துக்குப் பிறகு கேட்டனான்! கமரா இலையில நிண்டபடியால் என்ர முகத்தை அவன் காணேல்லை.

அப்பதான் எனக்கு எங்கட அம்மாவின்ர ஞாபகம் வந்தது. நான் இஞ்ச வந்த புதுசில, அம்மா பஸ் பிடிச்சு ரவுணுக்கு வந்து, ரெலிபோன் கடையில என்ர கோலுக்குக் காத்துக்கொண்டு இருப்பா. நான் எடுத்தவுடன ஆடு எப்பிடி எண்டு கேப்பன். நான் வளர்த்த மறியாடு, அது குட்டி போட்டுட்டுதோ, பால் குடுக்குதோ எண்டு ஒவ்வொரு முறையும் அதுதான் கேப்பன். ஒருக்கா அம்மா சொன்னா, "ஆட்டுக்கென்ன, அது நல்லாத் திண்டுபோட்டு நிக்குது. நானும் இஞ்சதான் நிக்கிறன்." நான் அப்ப சிரிச்சனான். அவ பகிடிக்குச் சொல்லுறா எண்டு நினைச்சன். உங்களுக்குச் சொல்லுறன், அது பகிடி இல்லை. அந்த ஆட்டை அம்மா எப்பிடிப் பாத்திருப்பா எண்டு இப்பதான் எனக்கு விளங்குது.

6

பிடிபட்டது மண்ணால.

"அம்மா, கொஞ்சம் கீழ காட்டுங்கோ. மண்ணுக்கு மேல அது என்ன வெள்ளையா?"

நான் போனை மேல தூக்கினன். "என்ன வெள்ளை?"

"கீழ காட்டுங்கோ. அது என்ன?"

"மோர்."

"என்ன மோர்?"

"மோர் எண்டால் மோர்தான். புளிச்ச மோர். கறிவேப்பிலைக்கு ஊத்திறது."

ஜேர்மனில என்னவோ சொன்னான், எனக்குச் சொல்லேல்லை, தனக்குத்தான் சொன்னான். பிறகு தமிழில, "நான் விரலை விட்டுப் பாக்கச் சொன்னன். அவ்வளவுதான் சொன்னன். நீங்கள் எப்பவும் இப்பிடித்தான். சொன்னதைக் கேக்கமாட்டியள்."

"உன்ர நன்மைக்குத்தானே..."

"திறப்பை ரெனாட்டேயிட்டக் குடுத்திடுங்கோ அம்மா. ப்ளீஸ்."

அந்த ப்ளீஸ்தான் என்னைக் குத்தினது. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பன்.

கழுத்தில கிடந்த திறப்பைக் கழட்டினன். அழுகை வந்தது, அழேல்லை. கிழவிக்கு முன்னால அழுதுபோட்டுப் போக நான் என்ன பைத்தியமோ? முன்கதவைத் தட்டி நீட்டினன். நடந்ததைச் சொன்னன். எனக்கு மோருக்கு ஜேர்மன் சொல் தெரியும், சுப்பர்மாக்கற்றில விக்குதுதானே. சொன்னவுடன ரெனாட்டே சிரிக்கத் தொடங்கினா. கதவு நிலையைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சா. "அதுதானோ படியில மணந்தது! நான் கீழ் வீட்டுக்காரன்ர சப்பாத்து எண்டு நினைச்சன்."

எனக்கு அந்த இடத்தில நிலம் பிளந்து உள்ள போகவேணும் போல இருந்தது.

திறப்பை அவ வாங்கேல்லை. "என்ர முழங்காலுக்கு அந்தக் கூடாரத்துக்குள்ள குனிய ஏலாது. நான் வெளியில இருந்து ஊத்தத்தான் சரி. இதுக்கு ஆள் வேணும். வா."

ரண்டு பேரும் போனம். அவ கதிரையைப் போட்டு இருந்து சொல்ல, நான் குனிஞ்சு செய்தன். வேலைக்காரி மாதிரி எண்டு நினைச்சுக்கொண்டுதான் செய்தன். சாடியைத் தூக்கச் சொன்னா. தூக்க ஏலாத பாரம். "இதுதான் வருத்தம். வேர் மூச்சு விட ஏலாமல் நிக்குது. பசியில்லை, நீ அளவுக்கு மிஞ்சித் தீத்திப்போட்டாய்." மேல் மண்ணைச் சுரண்டி எடுக்கச் சொன்னா. சாடிக்கு அடியில நிண்ட தண்ணியை ஊத்திப்போட்டு, உயரத்தில வைச்சம். காத்தாடியைத் திரும்பப் போட்டம். கொசுகுக்கு மஞ்சள் ஒட்டு மட்டை குத்தினம்.

"இப்ப என்ன ஊத்திறது?" எண்டன்.

"ஒண்டுமில்லை."

"நாளைக்கு?"

"ஒண்டுமில்லை. சாடி லேசாகுமட்டும் ஒண்டுமில்லை."

"அந்த முதல் மஞ்சள் இலை, நான் வரமுந்தியே இருந்தது. அது ஏன்?"

"அடியில வெளிச்சம் படாத இலை அப்பிடித்தான். வயது போனால் மஞ்சளாகி விழும். அது வருத்தமில்லை" எண்டா. "இப்ப மஞ்சளான இலை திரும்பப் பச்சையாகாது, அதைப் பாத்துக்கொண்டு இராதை. நுனியில புதுசா வாறதைப் பார்."

ஒண்டும் செய்யாமல் இருக்கிறது எவ்வளவு கஸ்ரம் எண்டு எங்கட சனத்துக்குச் சொல்லத் தேவையில்லை. வருத்தக்காரரைப் பாக்கப் போனாலே நாங்கள் சூப்போட போற ஆக்கள். நான் ஒவ்வொரு நாளும் போய், கையைக் கட்டிக்கொண்டு இருந்தன். ரெனாட்டேயும் கோப்பியோட வந்து இருப்பா. இவ்வளவு உதவி செய்தும் எனக்கு அவவில எரிச்சல் போகேல்லை. அவன்ர குசினியில கரண்டி எந்த லாச்சிக்குள்ள கிடக்குது எண்டு தேடாமல் எடுப்பா. நான் மூண்டு லாச்சி திறப்பன்.

7

செடியள் எழும்பீட்டுதுகள். நுனியில பச்சைக் குருத்து, விரிச்ச கை மாதிரி இலை. சாடி லேசானது. மணமும் போச்சு, அதாவது பழைய மணம் மட்டும் மிச்சம்.

நான் கமராவைத் திருப்பிக் காட்டினன். அவனுக்குச் சந்தோசம். "சுப்பர் அம்மா. தாங்ஸ்." கோபமும் போட்டுது போல. அடுத்த நாள் எடுத்தவன், ஒரு நிமிசம் கதைச்சவன். அதுக்கடுத்த நாள் எடுக்கேல்லை, படம் அனுப்பச் சொன்னான். அனுப்பினதுக்கு ஒரு பெருவிரல் வந்தது. பிறகு பெருவிரலும் இல்லை.

நல்லா வந்திட்டுதுகள்தானே. பிறகென்ன?

ஒரு நாள் வேலை முடிஞ்சு போகேக்க, என்ர பைக்குள்ள மோர்ப் போத்தில் இருந்தது. நான் வைச்சனான்தான், அதுவா ஏறி இருக்கேல்லை. கூடாரத்துக்கு முன்னால நிண்டன். ஒரு சாடிக்கு, கொஞ்சமா. ஒரு இலை மஞ்சளானால் காணும். அவன் எடுப்பான். நரம்பு என்ன நிறம் எண்டு கேப்பான். ஏணியில சறுக்கின பொடியனுக்கு என்ன நடந்தது எண்டு நான் கேக்கலாம்.

மூடியைத் திறந்தன். நல்லாப் புளிச்சிருந்தது. மூண்டும் அந்தக் காத்தாடிக் காத்துக்கு ஆடிக்கொண்டு நிண்டுதுகள், என்னைக் கண்டு நக்கலடிக்கிற மாதிரி. நான் அவன்ர கட்டிலில இருந்து மோரை நானே குடிச்சன். உப்புக் குறைவு.

அவன் வந்து சேர்ந்த அண்டு, நான் சோறும் நண்டுக் கறியும் கொண்டு போனன். அவன் சப்பாத்துக் கழட்ட முந்திக் கூடாரத்தைத் திறந்தான். நான் திறப்பை மேசையில வைச்சன். அவன் காணேல்லை, இலையைப் பாத்துக்கொண்டு நிண்டான். கொஞ்ச நேரம் பாத்தன். பிறகு திறப்பை எடுத்துத் திரும்பக் கழுத்தில போட்டன். அவனும் கேக்கேல்லை, நானும் குடுக்கேல்லை.

8

அதுக்குப் பிறகு கோல் இல்லை. அவன் இருபது நிமிசத் தூரத்தில இருக்கிறான், ஆனால் வடக்கில இருந்ததை விடத் தூரமாப் போட்டான். கோயிலில அந்த அக்கா, "இண்டைக்கும் எடுத்தவனோ?" எண்டு கேட்டா. நான் சாமியைப் பாத்துக்கொண்டு நிண்டன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. இவர் ஹோலில குறட்டை விட்டுக்கொண்டு இருந்தார். கறிவேப்பிலை வாளியடியில ஒரு மஞ்சள் இலை விழுந்து கிடந்தது. எடுத்தன். யோசிச்சன். பிறகென்ன யோசனை எண்டு வீடியோவில அவனுக்கு எடுத்தன்.

"அம்மா, என்ன?"

"தம்பி, என்ர கறிவேப்பிலைக்கு ஏதோ வருத்தம். இலை மஞ்சளாப் போகுது." கமராவை நானே திருப்பி இலையைக் காட்டினன்.

"கிட்டக் கொண்டுபோங்கோ. பிரட்டுங்கோ. கீழ் இலையோ, மேல் இலையோ?"

"கீழ்."

"எத்தினை இலை?"

நான் அந்த இலையை இன்னும் கிட்டக் கொண்டுபோனன்.

"முழுச் செடியையும் காட்டுங்கோ அம்மா."

காட்டினன். என்ன செய்ய, அந்த மரம் பச்சைப் பசேலெண்டு யன்னலை மறைச்சுக்கொண்டு நிக்குது. ஒரு குறையைக் காட்டு எண்டால் காட்ட ஏலாது. இவரின்ர குறட்டை போனுக்குள்ளயும் கேட்டிருக்கும்.

"கமராவைத் திருப்புங்கோ அம்மா."

"எங்கால? யன்னல் பக்கமோ?"

"உங்கட பக்கம்."

தலைகூட வாரி இழுக்கேல்லை. வீட்டுச் சட்டையோட நிண்டன். திருப்பினன். அவன் பாத்தான். அதே பார்வை. கண்ணைச் சுருக்கி, மூக்கு வெளியில வாற மாதிரிக் கிட்ட வந்து பாத்தான்.

"கண்ணுக்குக் கீழ கறுப்பா இருக்கு. எப்பவில இருந்து?"

"அது கனகாலம்."

"நான் காணேல்லை" எண்டான். பிறகு, "தண்ணி குடிக்கிறியளோ? எவ்வளவு? வெயிலுக்கு வெளியில போறியளோ? பிறசர் கடைசியா எப்ப பாத்தனியள்? நித்திரை வருகுதோ?"

அப்ப அவனுக்குப் பின்னால ரெனாட்டேயின்ர குரல் கேட்டுது. "நிரோ, கோப்பி ஆறுது!" எண்டு கூப்பிடுறா. அவன் திரும்பாமல், கையை மட்டும் பின்னால காட்டினான், பொறுங்கோ எண்டு.

ஆறட்டும் எண்டு நான் ஒவ்வொரு கேள்விக்கும் நிண்டு நிதானமா மறுமொழி சொன்னன்.